தன் தெருவைத் தடுத்தவர்கள்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதமும் இனமும் பிளந்துபோட்ட ஒரு நகரத்தில் அமைதி எப்படித் திரும்புகிறது என்று பேசச் சொன்னீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் எல்லா மதங்களும் அன்பைத்தான் போதிக்கின்றன என்று தொடங்குவது நம் மேடைகளின் வழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் தவறாமல் அன்பு போதிக்கப்பட்ட ஓர் ஊர், ஒரே மாலையில் தீப்பிடித்து, மூன்றாண்டுக்கு மேல் எரிந்தது. அந்த ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுகளின் தலைநகரான அம்போன்.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1605இல் அம்போன் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே கம்பெனி பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தது. மலுக்குத் தீவுக்காரர்கள் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈடாக விரும்பி வாங்கியது சோழமண்டலக் கரைத் துணியை. அந்தத் துணிக்காகத்தான் டச்சுக்காரர்கள் நம் கரைக்கு வந்தார்கள். அந்த வணிகத்தின் கூடவே அம்போனில் இன்னொன்றும் வேர்விட்டது. கிறிஸ்தவர்களாக மாறிய உள்ளூர் மக்களுக்குப் பள்ளிக்கூடமும், பின்னாளில் காலனி ராணுவத்தில் இடமும், அரசு அலுவலகத்தில் நாற்காலியும் கிடைத்தன. அதே தீவின் முஸ்லிம் ஊர்கள் பெரும்பாலும் கடலோடும் தோட்டத்தோடும் நின்றுவிட்டன. ஒரே மொழி பேசி, ஒரே உணவு உண்டு, ஒரே குடும்பப் பெயர்களைக்கூடச் சில இடங்களில் பகிர்ந்துகொண்ட மக்களுக்கு நடுவே அரசாங்க வேலை என்ற கோடு விழுந்தது.

இந்தப் பிரிவினைக் கோடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்போனில் பெரிய தொழிற்சாலைகள் இல்லை. படித்த இளைஞன் ஆசைப்படுவது அரசு வேலைக்கு. ஜெரி வான் கிளிங்கென் என்ற ஆய்வாளர் 2007இல் வெளிவந்த தம் நூலில், இந்தோனேசியாவின் இந்த மாதிரிச் சிறு நகரங்களில் அரசு வேலைக்கும் ஒப்பந்தங்களுக்குமான போட்டி எப்படி மதத்தின் உடையைப் போட்டுக்கொண்டது என்று காட்டியிருக்கிறார். அதிபர் சுகார்த்தோ ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில் ஜகார்த்தாவின் காற்று முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. 1992இல் உள்ளூர் முஸ்லிம் ஒருவர் மாகாண ஆளுநரானார். பதவிகள் கைமாறுகின்றன என்ற அச்சம் கிறிஸ்தவர்களுக்கு. இத்தனை காலம் மறுக்கப்பட்டது இப்போதாவது கிடைக்கட்டும் என்ற ஏக்கம் முஸ்லிம்களுக்கு. இரண்டிலும் நியாயம் இருந்தது என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் பூட்டன், பூகிஸ், மகஸ்ஸார் மக்கள் மேற்கிலிருந்து வந்து சந்தையையும் போக்குவரத்தையும் கையில் எடுத்திருந்தார்கள். அவர்களும் முஸ்லிம்கள். வந்தவர் மேலிருந்த கோபமும் மதத்தின் மேலிருந்த ஐயமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். அந்த ஆண்டு நவம்பரில் ஜகார்த்தாவின் கெத்தாபாங் பகுதியில் அடிதடிக் கும்பல்களுக்கிடையே நடந்த மோதலுக்குப் பிறகு, அங்கே பிழைத்துவந்த அம்போன்காரர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். ஊர் பதற்றத்தோடு காத்திருந்தது.

1999 ஜனவரி 19. நோன்புப் பெருநாள். சிற்றுந்து நிலையத்தருகே ஒரு கிறிஸ்தவ ஓட்டுநருக்கும் பத்து மேரா என்ற முஸ்லிம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞருக்கும் வாய்த்தகராறு. இப்படிப்பட்ட தகராறு தினமும் நடப்பதுதான். அன்று அது நிற்கவில்லை. அல்-ஃபத்தா பள்ளிவாசல் எரிகிறது என்று ஒரு பக்கம் செய்தி ஓடியது. தேவாலயம் எரிகிறது என்று மறுபக்கம். அந்த நேரத்தில் இரண்டுமே எரியவில்லை. ஆனால் சில மணி நேரத்துக்குள் கிறிஸ்தவர் தலையில் சிவப்புத் துணியும் முஸ்லிம்கள் தலையில் வெள்ளைத் துணியும் கட்டிக்கொண்டு வெட்டுக்கத்தியோடு தெருவில் நின்றார்கள். இந்தோனேசியக் கொடியின் இரண்டு நிறங்கள் அவை.

அதன் பிறகு நடந்தவற்றை முழுக்க விவரிக்க எனக்கு மனமில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று நகரின் நடுவிலிருந்த சிலோ தேவாலயம் உண்மையிலேயே எரிந்தது. 2000இல் ஜாவாவிலிருந்து லஸ்கர் ஜிஹாத் என்ற படை ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்து இறங்கியது. தடுத்திருக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. ஜூன் மாதம் அதிபர் வாஹித் அவசர நிலையை அறிவித்தார். ஜூலையில் அம்போனின் பட்டிமுரா பல்கலைக்கழகம் தீக்கிரையானது. காவல்துறையில் பலர் கிறிஸ்தவர் பக்கமும், வெளியிலிருந்து வந்த ராணுவத்தில் பலர் முஸ்லிம்கள் பக்கமும் சாய்ந்ததால், நாட்டுத் துப்பாக்கியில் தொடங்கிய சண்டை ராணுவத் துப்பாக்கிக்கு வந்தது. மலுக்குத் தீவுகள் முழுவதிலும் குறைந்தது 5,000 பேர் இறந்தார்கள் என்றும் 5 லட்சம் பேர் வரை வீடிழந்தார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். சிறுவர்களும் சண்டையிட்டார்கள். கிறிஸ்தவச் சிறுவர் படைக்கு 'அகாஸ்' என்று பெயர், கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் பெயர். முஸ்லிம் சிறுவர் படைக்கு 'லிங்கிஸ்', அதாவது கடப்பாரை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நகரின் அங்காடிகள் இரண்டாயின, படகுத்துறைகள் இரண்டாயின. எதிர்த்தரப்பின் தெரு வழியாகப் போகும் சாலையைத் தவிர்க்க, வளைகுடா வழியே விரைவுப் படகில் போய்வந்தார்கள்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெரிய பாடம் இருக்கிறது. கலவரம் தொடங்கிய காலத்தில் தேசியத் தொலைக்காட்சியில் ஒரு அமைதி விளம்பரம் வந்தது. அச்சாங் ஒரு முஸ்லிம் சிறுவன், ஒபெத் ஒரு கிறிஸ்தவச் சிறுவன். கலவரம் பிரித்த இரண்டு நண்பர்களும் பெரியவர்களின் சண்டையை நினைத்து வருந்துவார்கள். பார்த்தவர் கண்ணைக் கலங்கவைத்த விளம்பரம். ஆனால் சில காலத்திலேயே அம்போன் தெருவில் 'அச்சாங்' என்றால் முஸ்லிம் எதிரி, 'ஒபெத்' என்றால் கிறிஸ்தவ எதிரி என்றாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு வைத்த பெயர்களையே சண்டை எடுத்துக்கொண்டது. நல்லெண்ணத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. யாரோ தொலைவிலிருந்து இரு தரப்பையும் பார்த்து ஒன்றுபடுங்கள் என்று சொல்வது, துப்பாக்கி பிடித்திருப்பவன் காதில் விழுவதில்லை. அவன் காதில் விழும் குரல் அவன் தெருவிலிருந்து வர வேண்டும்.

அப்படி வந்த இடம் ஒன்று உண்டு. அம்போன் வளைகுடாவின் வடகரையில் வாயாமே என்று ஒரு ஊர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்து வாழும் ஊர். சுற்றிலும் எல்லாம் எரிந்தபோது வாயாமே எரியவில்லை. சண்டை நடந்த ஆண்டுகள் முழுவதும் அங்கே இரு சமூகமும் ஒன்றாகவே இருந்தன.

எப்படி என்று கேட்பீர்கள். அங்கே தொன்மையான சகோதரத்துவம் எதுவும் காப்பாற்றவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து குடியேறியவர்களும் நிறைந்த ஊர் அது. கலவரம் தொடங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். பத்துக் கிறிஸ்தவர், பத்து முஸ்லிம்கள். 'இருபதின்மர் குழு' என்றே பெயர். வதந்தி வந்தால் இரு தரப்பு ஆளும் சேர்ந்து போய்ப் பார்ப்பது, பார்த்ததைப் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரே மாதிரி அறிவிப்பது. மதுவுக்குத் தடை. யார் ஊரில் கலகம் மூட்டினாலும் அவனைத் தண்டிப்பது அவன் சமூகத்தின் பொறுப்பு. வெளியிலிருந்து கிறிஸ்தவப் போராளிகள் வந்து, "எங்களோடு வாருங்கள், இங்குள்ள முஸ்லிம்களை விரட்டுவோம்" என்றால், அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் வாயாமேயின் கிறிஸ்தவர்கள். முஸ்லிம் போராளிகள் வந்தால் வாயாமேயின் முஸ்லிம்கள்.

இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதுதான். கலவரத்தின் நடுவே எதிர்த்தரப்பு வீட்டுக்குப் போய்க் கை குலுக்குவதற்குத் துணிச்சல் வேண்டும். அதைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் தன் தம்பியின் கையிலிருக்கும் கத்தியைப் பிடுங்குவதற்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். அப்படிச் செய்பவனைத் துரோகி என்பார்கள். அவன் வீட்டுக்கும் கல் விழும். அவனை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். நான் படித்த வரையில், அமைதி காக்கப்பட்ட இடங்களிலெல்லாம் இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். யானா கிராவுசே என்ற ஆய்வாளர் வாயாமேயையும், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் 2001 முதல் நடந்த கிறிஸ்தவ–முஸ்லிம் கலவரங்களில் உயிர்ப்பலியில்லாமல் நின்ற தாதின் கோவா என்ற பகுதியையும் ஒப்பிட்டு 2018இல் ஒரு நூல் எழுதினார். இரண்டு கண்டங்கள், இரண்டு வேறு சமூகங்கள். இரண்டு இடத்திலும் தலைவர்கள் முதலில் தம் பையன்களைக் கட்டுப்படுத்தினார்கள், பிறகு வெளியே இருந்த ஆயுதக் கும்பல்களோடு பேசினார்கள்.

மலுக்கு என்றாலே சொல்லப்படும் 'பேலா' பற்றி இங்கே பேசாமல் விட முடியாது. இரண்டு ஊர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக வரும் உறவு ஒப்பந்தம் அது. பல பேலாக்கள் ஒரு கிறிஸ்தவ ஊரையும் ஒரு முஸ்லிம் ஊரையும் இணைக்கின்றன. பேலா ஊர்க்காரர் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதில்லை, உடன்பிறந்தவர் முறை. ஒரு ஊரில் பள்ளிவாசலோ தேவாலயமோ கட்டினால் மறு ஊர் மரம் கொண்டுவந்து இறக்கும். கலவரம் தொடங்கிய பத்து மேராவுக்கே கிறிஸ்தவ ஊரான பாஸோவோடு இப்படிப்பட்ட உறவு உண்டு. இவ்வளவு அழகான ஏற்பாடு இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் காரணம், 1979ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம். நாடு முழுவதும் ஒரே மாதிரி நிர்வாகம் என்று சொல்லி, ஊர்த் தலைவரான ராஜாக்களின் இடத்தில் அரசு முத்திரை பெற்ற அதிகாரிகளை உட்காரவைத்தது. ஊரைத் தடுத்து நிறுத்தும் வாய்க்கு அதிகாரம் இல்லாமல் போனது. இரண்டாவது, பேலா இரண்டு குறிப்பிட்ட ஊர்களைத்தான் கட்டுப்படுத்தும். நகரத்துக்குப் பிழைக்க வந்த பூட்டன்காரருக்கு யாரோடும் பேலா கிடையாது. போர் முடிந்த பிறகு பேலாச் சடங்குகள் மறுபடி நடந்தன, இன்றும் நடக்கின்றன. நல்லது. ஆனால் நம் பண்பாட்டிலேயே மருந்து இருக்கிறது என்று சொல்லும்போது, அந்தப் பண்பாட்டுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

பெண்கள் செய்தது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. முஸ்லிம், புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கப் பெண்கள் 1999இலேயே ஒன்றுசேர்ந்து இயக்கம் கண்டார்கள். கன்னியாஸ்திரி பிரிகிட்டா ரெனியான் அதன் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். அதற்கும் வெளியே, எந்த இயக்கத்திலும் சேராத பெண்கள் இருந்தார்கள். மலைச்சரிவுக் கிறிஸ்தவ ஊர்களிலிருந்து காய்கனிகளைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களை 'பாபாலேலே' என்பார்கள். கடற்கரை முஸ்லிம் ஊர்களிலிருந்து மீன் விற்கும் பெண்கள் 'ஜிபு-ஜிபு'. ஒருத்தியிடம் மீன் இல்லை, இன்னொருத்தியிடம் கீரை இல்லை. இரு தரப்பு எல்லைகள் தொடும் இடங்களில், துப்பாக்கி ஓய்ந்த நேரம் பார்த்து இவர்கள் சந்தை கூட்டினார்கள். குண்டு விழுந்தால் கலைவார்கள், பிறகு மறுபடி கூடுவார்கள். இதற்குச் சமரசச் சந்தை என்றே ஊரில் பெயர் விழுந்தது. எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் இந்தப் பெண்களுக்கு நாற்காலி போடவில்லை. கூடையோடு எல்லைக்குப் போன ஒவ்வொரு பெண்ணும் அதற்கு முன் தன் வீட்டில், "அவங்க பக்கம் போகாதே" என்ற ஆண்களை மீறித்தான் போயிருப்பாள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பத்திரிகைகளின் கதை வேதனையானது. அம்போனில் 'சுவாரா மலுக்கு' என்ற நாளிதழ் இருந்தது. அதன் அலுவலகம் கிறிஸ்தவப் பகுதியில். சண்டை மூண்டதும் முஸ்லிம் நிருபர்கள் அங்கே போக முடியவில்லை. உரிமையாளரான ஜாவா போஸ் குழுமம் 1999இல் முஸ்லிம் பகுதியில் 'அம்போன் எக்ஸ்பிரஸ்' என்ற இன்னொரு நாளிதழைத் தொடங்கியது. நேற்று வரை ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தி எழுதியவர்கள், இன்று ஒருவரையொருவர் குற்றம்சாட்டித் தலையங்கம் எழுதினார்கள். தன் தரப்பில் இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் முதல் பக்கத்தில் வந்தது. இதை உடைத்தவர்களும் நிருபர்களே. 2001இல் இரு தரப்பு நிருபர்களும் சேர்ந்து மலுக்கு ஊடக மையம் என்ற பொது இடத்தை உருவாக்கி, மறுபக்கத்துச் செய்தியை மறுபக்கத்து நிருபரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதப் பழகினார்கள். சொந்த வாசகனுக்குப் பிடிக்காத உண்மையைச் சொந்தப் பத்திரிகையில் அச்சிட வேண்டியிருந்தது. வாயாமேயின் இருபது பேர் செய்ததை இவர்கள் அச்சில் செய்தார்கள்.

2002 பிப்ரவரி 12 அன்று தெற்குச் சுலாவேசியில் மலீனோ என்ற மலையூரில் 11 அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைச்சர்களாயிருந்த யூசுப் கல்லாவும் சுசீலோ பம்பாங் யுதயோனோவும் முன்நின்று நடத்தினார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகும் ஏப்ரலில் சோயா என்ற கிறிஸ்தவ ஊர் தாக்கப்பட்டது. அரசு இந்த முறை இரு தரப்புத் தலைவர்கள் மீதும் கை வைத்தது. லஸ்கர் ஜிஹாத் அக்டோபரில் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் இன்னொரு முறை நகரம் தீப்பிடித்து அணைந்தது.

உண்மையான சோதனை 2011 செப்டம்பரில் வந்தது. வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒரு முஸ்லிம், கிறிஸ்தவப் பகுதியொன்றில் இறந்தார். விபத்து என்றது காவல்துறை. கொலை என்றது கைபேசிக் குறுஞ்செய்தி. அடக்கம் முடிந்த கையோடு கல்லெறி தொடங்கியது. சிலர் இறந்தார்கள், பல வீடுகள் எரிந்தன. ஆனால் 1999 திரும்பவில்லை. புராட்டஸ்டண்ட் போதகர் ஜாக்கி மனுபுட்டியும் இஸ்லாமிய அறிஞர் அபிதீன் வகானோவும் வளர்த்திருந்த இளைஞர்கள் அப்போது வேலை செய்தார்கள். 'சமாதானக் கலகக்காரர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள். இன்ன இடத்தில் தேவாலயம் எரிகிறது என்று செய்தி வந்தால், பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்துக்கு ஓடி, எரியாமல் நிற்கும் கட்டடத்தைப் படமெடுத்து அனுப்புவார். படம் சில நிமிடங்களில் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் குறுஞ்செய்தியிலும் இரு பக்கமும் பரவும். 1999இல் பொய்ச் செய்தி ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஓடியது. 2011இல் அதற்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. இந்த இளைஞர்கள் அனுப்பிய படத்தைத் தம் பக்கத்தவர் நம்ப வேண்டுமே. அதற்கு அனுப்புகிறவன் நம் பையன் என்ற நம்பிக்கை வேண்டும். முஸ்லிம் தெருவில் முஸ்லிம் இளைஞனும் கிறிஸ்தவத் தெருவில் கிறிஸ்தவ இளைஞனும் நின்றதால்தான் அது பலித்தது.

அடுத்த ஆண்டு, 2012 ஜூனில், தேசிய அளவிலான திருக்குர்ஆன் ஓதும் போட்டியை அம்போன் நடத்தியது. நாடெங்கிலுமிருந்து வந்த முஸ்லிம் விருந்தினரை வரவேற்பதில் கிறிஸ்தவர்களும் பங்கெடுத்தார்கள். 2015இல் புராட்டஸ்டண்ட் தேவாலயப் பாடகர் குழுக்களின் தேசிய விழா வந்தபோது முஸ்லிம்கள் அதையே திருப்பிச் செய்தார்கள். 2018இல் கத்தோலிக்கரின் முதல் தேசியப் பாடல் விழாவும் அங்கேதான். 2016இல் வளைகுடாவின் குறுக்கே 1,140 மீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். பெயர் மேரா பூத்தே, சிவப்பு வெள்ளை. 2019இல் யுனெஸ்கோ அம்போனை இசை நகரமாக அறிவித்தது. இவையெல்லாம் மகிழ்ச்சி தருபவை. மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

அம்போனின் குடியிருப்புகள் இன்றும் பெருமளவு பிரிந்தே கிடக்கின்றன. கலந்து வாழ்ந்த தெருக்கள் பல திரும்பவில்லை. வீட்டை விட்டு ஓடியவர்கள் பலர் தம் மதத்தார் நடுவே புது வீடு கட்டிக்கொண்டார்கள். மலீனோ ஒப்பந்தத்தின் ஓர் அம்சம், சண்டையின் வேர்களைக் கண்டறியச் சுதந்திரமான விசாரணைக் குழு அமைப்பது. குழு அமைந்தது, விசாரித்தது. அதன் அறிக்கை மக்களிடம் வைக்கப்படவே இல்லை. கப்பலேறி வந்த படையை யார் அனுமதித்தார்கள், தோட்டாக்கள் யார் கிடங்கிலிருந்து வந்தன என்ற கேள்விகளுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதிகாரபூர்வமான பதில் இல்லை. வாயாமேயின் பெரியவர்கள் தம் பையன்களைத் தடுத்தார்கள். ஜகார்த்தாவில் இருந்தவர்கள் தம் தளபதிகளைத் தடுக்கவில்லை, பிறகு அவர்களைக் கேள்வி கேட்கவும் இல்லை. அமைதி என்ற பெயரில் ஏழைகள் மன்னித்துக்கொள்ள வேண்டும், அதிகாரத்தில் இருந்தவர்கள் மறந்துவிடலாம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

1999க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று பெற்றோராகி வருகிறார்கள். அவர்களில் பலர் மறு மதத்துப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இதைக் கண்டு அஞ்சியவர்கள் சில வேலைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். மலுக்குவின் மதங்களிடை அமைப்பு, போதகர்களையும் இமாம்களையும் ஆசிரியர்களையும் மறு மதத்துக் குடும்பங்களின் வீடுகளில் சில நாட்கள் தங்கவைக்கிறது. அபிதீன் வகானோ போன்றவர்கள் ஊர்களின் பேலா முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள்: முஸ்லிம் மாணவர் நிறைந்த ஒரு பள்ளியும் கிறிஸ்தவ மாணவர் நிறைந்த ஒரு பள்ளியும் உடன்பிறந்த பள்ளிகளாகச் சடங்கோடு இணைக்கப்பட்டு, ஆசிரியரும் மாணவரும் மாறிமாறிப் போய்வந்தார்கள். மொத்தப் பள்ளிகளில் இவை மிகச் சில. பெற்றோர் சம்மதிக்க வேண்டும், தலைமையாசிரியர் துணிய வேண்டும், கல்வித்துறை பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இவை நடந்தாக வேண்டும்.